துண்டுக்குள் பேசி முடித்த விலை

என் அன்பு மாப்பிள்ளை சின்னப்பனுக்கு,

உங்கள் மச்சான் அருளப்பன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. பேனா என் கையில் இருக்கிறது. மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன அதே கைதான். நம்ப முடிகிறதா?

கோயில் பக்கத்துக் கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. டீச்சருக்கு என் பேத்தி வயசு. "தாத்தா, பேனாவ அப்பிடி நெரிக்காதீங்க, அது ஒண்ணும் ஓடிடாது" என்பாள். நான் என்ன செய்வது? மூக்கணாங்கயிற்றை இப்படிப் பிடித்துத்தான் பழக்கம். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. போகட்டும். எனக்கு அவசரம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

நான் முதன்முதலாகப் படித்த சொல் எது தெரியுமா? புத்தகத்தில் இருந்தது இல்லை. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் உங்கள் சிமென்டுச் சிலுவைக்கு நான்தான் சுண்ணாம்பு அடிப்பேன். அடித்து முடித்து, அதில் இருக்கிற எழுத்தின் மேலேயே கறுப்பு மை வைத்து இழுப்பேன். வளைவு வந்த இடத்தில் வளைப்பேன், புள்ளி வந்த இடத்தில் புள்ளி வைப்பேன். இத்தனை வருஷமும் உங்கள் பெயரை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே.

இந்தத் தடவை தூரிகையை வைத்தேன். எழுத்து தானாக வாயில் வந்தது. சின்னப்பன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த என் தங்கச்சி, உங்கள் பெண்சாதி லூர்து, எழுந்து வந்தாள்.

"என்னாண்ணா, தல சுத்துதா?"

"இல்ல கண்ணு. உன் வூட்டுக்காரரு பேரு இங்க இருக்குது."

"அது எப்பவும் அங்கதான இருக்குது?"

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் என் பக்கத்தில் குந்தினாள். பிறகு முந்தானையால் என் மூக்கில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தைத் திருநாளன்று உங்கள் தலைமாட்டில் நின்று சத்தமாகப் படிக்கப் போகிறேன். ஊரே மெழுகுவத்தியோடு வந்திருக்கும். கேட்கட்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு முடிந்திருக்கிறதே, உங்களுக்கு நினைவிருக்கும். அது என்ன ஆனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்காக நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் இருவரும் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தோம். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்பவன் தரகன். மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்வான். ஆனால் விலையை வாய் திறந்து சொல்ல மாட்டான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வான். சம்மதம் என்றால் உள்ளங்கையில் ஒரு அழுத்து. அவ்வளவுதான், விலை முடிந்தது. சுற்றி எத்தனை பேர் நின்றாலும், துண்டுக்குள் நடந்தது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதை வெளியே சொன்னவன் மறுவாரம் சந்தையில் தலை காட்ட முடியாது. அழுத்திய பிறகு மாற்றிப் பேசுகிறவனுக்கும் அதே கதிதான்.

உங்கள் துண்டு சிவப்புக் கரை போட்ட கெட்டித் துண்டு. சின்னப்பன் துண்டு போட்டால் விலை படியாமல் எடுக்க மாட்டான் என்பார்கள். இடது கன்னம் எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கும். அது புகையிலை. வெற்றிலையைத் துப்பினாலும் புகையிலையைத் துப்ப மாட்டீர்கள். தூங்கும்போதும் அது அங்கேயே இருக்கும். நானும் போட்டவன்தான், லூர்துவும் போடுவாள். சந்தையில் போடாதவன் யார்?

சேலம் ஜில்லாவிலிருந்து நம் தருமபுரி பிரிந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. படிகாரம் வைத்தீர்கள், தேன் தடவினீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க மாப்ளே" என்றேன். "வலிக்கலயே மச்சான். வலிக்காத புண்ணுக்கு எவனாவது வைத்தியம் பாப்பானா?" என்று சிரித்தீர்கள். வலிக்க ஆரம்பித்தபோது உங்களால் வாயைத் திறக்க முடியவில்லை. களி உருண்டை விரலோடு நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை.

பொம்மிடியில் ரயில் ஏறி மெட்ராஸ் போனோம். பெரிய டாக்டர் நல்ல மனிதர், தோளில் கை வைத்துத்தான் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்தீர்கள். ஊரில் உங்கள் டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. "அந்த நோவு" என்றார்கள். பெயர் சொன்னால் வீடு தேடி வந்துவிடுமோ என்று பயம்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பேச்சு நின்று போயிருந்தது. லூர்து அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னைக் கிட்டே வரச்சொல்லி, துண்டை இழுத்து நம் கையின் மேல் போட்டீர்கள். உங்கள் காளை ஜோடியை விற்கச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். விரலைப் பிடிக்கவில்லை. மற்றக் கையால் லூர்துவைக் காட்டினீர்கள். உங்கள் கன்னத்தைத் தொட்டீர்கள். என் கண்ணைக் காட்டினீர்கள். மறுபடியும் அதே போல.

"லூர்து வாயப் பாக்கச் சொல்றீங்களா மாப்ளே?" என்று மெல்லக் கேட்டேன். கண்ணை மூடித் திறந்தீர்கள். உள்ளங்கையில் அழுத்தினீர்கள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது? நானும் அழுத்தினேன். அப்போதுதான் லூர்து கஞ்சிக் கிண்ணத்தோடு திரும்பினாள். அவள் பார்த்தது நம் கையின் மேல் கிடந்த துண்டை மட்டும்.

அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று நான் புகையிலையை விட்டேன். உங்கள் பெண்சாதி இரண்டு மடங்காகப் போட ஆரம்பித்தாள். அதுவும் எந்தக் கன்னத்தில்? உங்களைப் போலவே இடது கன்னத்தில். உங்கள் மகள் பிலோமி அப்போது சின்னப் பிள்ளை. பிழைக்க வேண்டுமே. லூர்து சந்தையில் ஒரு சாக்கை விரித்து மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்க உட்கார்ந்தாள். நன்றாகவே விற்றாள். அவளிடம் பேரம் பேச தைரியம் வேண்டும்.

நான் கேட்காத நாள் இல்லை. "லூர்து, வாயக் கொஞ்சம் காட்டு கண்ணு."

"ஏண்ணா, எத்தன பல்லுன்னு பாக்கப் போறியா? எனக்கும் வெல வெச்சிட்டியா?"

"வெளையாட்டு இல்ல. ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி."

"யாருக்கு நிம்மதி? அவரு போன வழி எனக்குத் தெரியும். தெரிஞ்ச வழியிலயே போயிக்கறேன், உடு."

மறுநாளும் போய்க் கேட்பேன், மாப்பிள்ளை.

சில வருஷம் கழித்து, மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கிரேஸ் என்று ஒரு நர்ஸம்மா நம் பக்கம் வந்தார். எங்கள் மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வாய்ப்புற்றைப் பற்றிப் பேசுவார். பெயரைச் சொல்லியே பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னார்.

"ஆறாத புண்ணு, வெள்ளைத் திட்டு, ஒரு பக்கம் தடிச்ச மாதிரி இருக்கறது, இதெல்லாம் வலிக்கலன்னு உட்டுடாதீங்க. வலிக்காதப்ப வந்தீங்கன்னா காப்பாத்தலாம். இது ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்காது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நான் அவரிடம் போனேன். "அம்மா, சந்தைக்கு வாங்க. சுத்துப்பட்டு ஊரே அங்க வரும். நல்ல எடமாப் பாத்து மேஜை போட்டுத் தர்றேன்" என்றேன்.

நல்ல இடத்தில்தான் போட்டேன். சந்தையிலேயே நல்ல இடம் எது? நாம் நிற்கிற இடம். மாட்டு வரிசையின் தலைப்பு. நிழலும் உண்டு, போகிற வருகிறவர் கண்ணிலும் படும். அங்கே மேஜையைப் போட்டு, டார்ச் லைட்டும் கண்ணாடியும் வைத்து நர்ஸம்மாவை உட்காரவைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

சந்தையே சிரித்தது. "யோவ் தரகரே, எனக்கு ரெண்டு பல்லா நாலு பல்லா, பாத்துச் சொல்லு!" என்று ஒருவன். "எம் மாமியாளக் கூட்டியாறேன், நல்ல வெலைக்குத் தள்ளி உடு" என்று இன்னொருவன். நம் மாதையன் இருக்கிறாரே, உழவு மாடு மாற்ற வருஷா வருஷம் நம்மிடம் வருவாரே, அவர் தன் காளையை இழுத்து வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுக்கும் கொஞ்சம் பாருங்கம்மா. புத்து கித்து இருக்கப்போவுது."

நர்ஸம்மா எழுந்தார். டார்ச்சைப் போட்டார். காளையின் வாயை நன்றாகவே பார்த்தார். "இது போயிலை போடறதில்ல போல. நல்லாருக்குது. இப்ப நீங்க வாங்க" என்றார். அப்போது எழுந்த சிரிப்பு மாதையனுக்கு எதிராகத் திரும்பியது. ஆனாலும் அவர் வரவில்லை. யாருமே வரவில்லை. சிரித்தார்கள், போனார்கள். சந்தை கலைகிறவரை அந்த அம்மா டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மேஜையை மடக்கும்போது மாதையன் தனியாக வந்தார். என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தரகரே, ரொம்ப நாளா ஒரு பக்கம் காரம் பட்டா எரியுது."

"காலையிலயே காட்டியிருக்கலாமே?"

"சந்தை பூரா பாக்க வாயத் தொறந்து, அந்தம்மா 'இருக்குது'ன்னு சொல்லிட்டா? பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்கேன். அந்த நோவு இருக்கற வூட்ல எவன் வந்து பொண்ணு எடுப்பான்?"

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் லூர்துவிடம் நடந்ததைச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். அவள் எச்சிலைத் துப்பிவிட்டு ஏளனமாகச் சொன்னாள்: "மாட்டு வெலையவே துண்டு போட்டு மறைக்கறீங்க. மனுசன் நோவ மட்டும் மாட்டு வரிசையில வெச்சிக் கூவுவீங்களாக்கும்."

நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

மறு செவ்வாய்க்கிழமை மேஜை மாட்டு வரிசையில் இல்லை. புளிய மரத்துக்குப் பின்னால் போட்டோம். நர்ஸம்மாவுக்கு நம் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். வருகிறவர் எதிரில் உட்காருவார். இருவர் தலைமேலும் துண்டு. உள்ளே டார்ச். வாயில் ஒன்றும் இல்லை என்றால் உள்ளங்கையில் ஒரு அழுத்து. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றால் மூன்று விரலைப் பிடிக்க வேண்டும், என்றைக்கு என்று காதில் சொல்ல வேண்டும். அழுத்து வாங்கினவரும் மூன்று விரல் வாங்கினவரும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் வருவார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நர்ஸம்மா இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, "இது எங்க ஆஸ்பத்திரி பழக்கத்தவிட நல்லாருக்குதே" என்று சிரித்தார்.

முதலில் நான் போய் உட்கார்ந்தேன். தலைமேல் துண்டு விழுந்ததும் சந்தைச் சத்தம் தூரமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தேன். எத்தனை மாட்டின் வாயை நான் திறந்திருப்பேன்! திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஒரு அழுத்துதான் கிடைத்தது, கவலைப்படாதீர்கள்.

எனக்குப் பின்னால் மாதையன். இந்தக் கடிதத்தில் தன் பெயரைப் போடச் சொன்னவர் அவரேதான், அதனால் எழுதுகிறேன். மூன்று விரல். போனார், வைத்தியம் பார்த்தார், நன்றாக இருக்கிறார். பெண்களையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வாரா வாரம் ஒன்றிரண்டு பேர் புளிய மரத்துப் பக்கம் சும்மா வருகிற மாதிரி வந்தார்கள்.

லூர்து எதிரிலேயேதான் சாக்கு விரித்திருந்தாள். துண்டு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருப்பாள். கிட்டே வரமாட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு சந்தை. என் துண்டோ நைந்துபோனது. நனைந்ததும் ஒட்டிக்கொண்டது. உள்ளே டார்ச் போட்டால் வெளியே முகம் நிழலாகத் தெரிந்தது. வந்த பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு நழுவிப் போய்விட்டார்கள். லூர்து அதைக் கவனித்திருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நேராக என்னிடம் வந்து, பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உங்கள் சிவப்புக் கரைத் துண்டு.

"இது கெட்டி. வெளிய தெரியாது."

சொல்லிவிட்டுப் போகவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். துண்டுக்குள்ள பேசனத வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நானும் தரகன் பொண்டாட்டிதான். ஆனாலும் கேக்கறேன். கடசியா உங்கையில அவரு என்னா வெல சொன்னாரு?"

எனக்குப் புரியவில்லை. "எந்த வெல?"

"கஞ்சி எடுத்துட்டுத் திரும்பறேன், ரெண்டு பேரும் துண்டு போட்டு உக்காந்திருக்கீங்க. சாவப்போற மனுசன். என்னையப் பாத்து ஒரு சைகை காட்டல. எம் புள்ளையத் தடவிக் குடுக்கல. மாட்டுக்கு வெல பேசி முடிச்சிட்டுப் போயிட்டாரு. சரி, அதுதான் அவரு தொழிலு. ஆனா நீ அந்தக் காளைங்கள விக்கவும் இல்ல. அப்ப எதுக்குத்தான் பேசனீங்க?"

மாப்பிள்ளை, அத்தனை வருஷமும் அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் கடைசிப் பேச்சு மாட்டுக்குத்தான் கிடைத்தது, தனக்குக் கிடைக்கவில்லை என்று. அந்தக் கோபத்தைத்தான் இடது கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாளா? எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும் நானும் துண்டு போட்டுப் பழகியவர்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நாம் என்றைக்காவது நினைத்திருக்கிறோமா?

வெளியே சொல்லக் கூடாது. உங்களைக் கேட்கவும் வழியில்லை. நான் ஒன்று செய்தேன். உங்கள் துண்டை விரித்து எங்கள் இருவர் தலைமேலும் போட்டேன். உள்ளே இருந்து சொன்னால் அது வெளியே சொன்னதாகாதே. சரிதானே? திருநாளன்று இதை ஊர் கேட்கப் படிக்கச் சொன்னவளும் அவளேதான்.

துண்டில் இன்னும் உங்கள் வாசனை இருந்தது. வியர்வையும் புகையிலையும். இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மாட்டப் பத்திப் பேசல கண்ணு. உன்னையத்தான் காட்டனாரு. உங்கன்னத்தக் காட்டனாரு. இவ வாயப் பாத்துடு மச்சான்னு கேட்டாரு. எங்கையில அழுத்தி முடிச்சாரு."

அவள் வாய்க்குள் விரலை விட்டு, புகையிலை உருண்டையை எடுத்து, துண்டுக்கு வெளியே வீசினாள்.

"நர்ஸம்மா," என்று கூப்பிட்டாள். "வெளக்க எடுத்துக்கிட்டு வாங்க."

நான் வெளியே வந்து நின்றேன். துண்டுக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. துண்டின் ஓரத்தில் லூர்துவின் கை வெளியே வந்தது. என் கையைத் தேடியது. என் விரல்களில் மூன்றை இறுக்கிப் பிடித்தது.

மறுபடியும் பொம்மிடி ஸ்டேஷன். அந்தப் பிளாட்பாரத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவள்தான், "உக்காருண்ணா, எனக்குத்தான வைத்தியம், நீ எதுக்கு இப்பிடி அலையற?" என்றாள். மெட்ராஸில் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு. இன்னும் புற்றாக மாறவில்லை என்றார்கள். வெட்டி எடுத்துத் தைத்தார்கள். புகையிலை இனி ஜென்மத்துக்கும் ஆகாது, வந்து வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

புகையிலையை விட்டது சாதாரண பாடு இல்லை. லவங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு ஊரையே திட்டினாள். பிலோமியைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், கோழியைத் திட்டினாள். அந்தச் சமயத்தில் அவளிடம் கயிறு வாங்கியவன் எவனும் பேரம் பேசவில்லை. பிறகு மெல்ல அடங்கியது. போகவேண்டிய போதெல்லாம் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். வாய் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது. மெட்ராஸுக்குப் பல் பிடுங்கப் போனேன் என்றுதான் சொல்லி வைத்தாள். பிலோமிக்காக.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். உங்கள் மகள் பிலோமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், பஸ் கண்டக்டர். உங்களைப் போலவே கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற பையன். போன மாசம் நம் வீட்டில் நிச்சயம் நடந்தது. பையனின் அத்தை மரியதங்கம் என்று ஒரு அம்மா. அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல்.

தட்டைக் கொண்டுவந்து வைத்தோம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. புகையிலை இல்லை. எங்கள் ஊரில் மாதர் சங்கம் சொல்லி, விசேஷத் தட்டில் அதை வைப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அது அவர்களுக்குத் தெரியாதே. மரியதங்கம் வெற்றிலையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார்.

"என்னா சம்பந்தி, தட்டுல போயிலையக் காணோம்? எங்களப் பாத்தா அவ்ளோ எளக்காரமாப் போச்சா?"

கடையில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். லூர்து முந்திக்கொண்டாள்.

"எளக்காரம் இல்லீங்க. எங்க வூட்ல அது வர்றதில்ல. எம் புருசன் அதுலதான் போனாரு."

"அது கேள்விப்பட்டோம்."

"எனக்கும் இருந்துச்சு. அது யாருக்கும் தெரியாது. வெட்டி எடுத்தாங்க. தோ, இந்தப் பக்கம்."

வாயைத் திறந்தாள், மாப்பிள்ளை. கூட்டத்துக்கு நடுவில், துண்டு இல்லாமல், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினாள்.

கதவுக்குப் பின்னால் பிலோமியின் வளையல் சத்தம் நின்றது. பையனின் அப்பா தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து போகத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நோவு இருக்கிற வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்று மாதையன் கேட்டது எனக்குள் ஓடியது. இத்தனை காலம் மறைத்ததை இந்த ஒரு நாள் மறைத்திருக்கக் கூடாதா என்று தங்கச்சிமேல் கோபம்கூட வந்தது.

மரியதங்கம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து லூர்துவிடம் வந்தார். குனிந்து, அந்த வாய்க்குள் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"வெட்டறப்பவா, முன்னாடியா?"

"முன்னாடி."

"இல்லீங்க. வலிக்கவே இல்ல."

அந்த அம்மாவின் கை மெல்ல எழுந்து தன் வலது கன்னத்தைத் தொட்டது.

"எனக்கும் வலிக்கல" என்றார்.

லூர்து அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்புறம்தான் மரியதங்கம் பையனின் அப்பா பக்கம் திரும்பி அதட்டினார். "என்னாத்துக்கு எல்லாரும் மரமாட்டம் நிக்கறீங்க? தட்ட மாத்துங்க. பொண்ணு நமக்குத்தான்." தட்டு மாறியது. போகும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தரகரே, உங்க சந்தை என்னைக்கு?" என்று கேட்டார்.

வந்த செவ்வாய்க்கிழமையே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். லூர்து கயிற்றுச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு அவரைப் புளிய மரத்துப் பக்கம் கூட்டிப்போனாள். கிரேஸ் நர்ஸம்மாவுக்கும் முடி நரைத்துவிட்டது, ஆனால் டார்ச் பிடிக்கிற கை ஆடவில்லை. இருவர் தலைமேலும் உங்கள் துண்டு ஏறியது. உள்ளே ஒரு அழுத்தா, மூன்று விரலா? அதைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பங்குச் சாமியார் அடுத்த மாதம் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார். தை மாதம் கல்யாணம். தாய்மாமனாகவும் நான் நிற்பேன், உங்கள் இடத்திலும் நானே நிற்பேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லுவார்கள். மைப்பெட்டியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, நிதானமாக எழுதுவேன். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்கட்டும்.

உங்கள் பெண்சாதி வருஷா வருஷம் உங்கள் சிலுவையடியில் வெற்றிலையோடு புகையிலையும் வைப்பாள். அவள் விட்ட பிறகும் உங்களுக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தாள், உங்களுக்குப் பிடிக்குமே என்று. இந்த வருஷம் வைக்கப் போவதில்லையாம். சூடாக ஒரு களி உருண்டை கொண்டுவருகிறாள். கடைசியில் உங்களால் விழுங்க முடியாமல் போனது அதுதானே. மெல்லச் சாப்பிடுங்கள்.

துண்டையும் சிலுவைமேல் போர்த்திவிட்டு வந்துவிடலாமா என்று அவளைக் கேட்டேன். "போத்தறதெல்லாம் வேணாம். செவ்வாக்கெழம அது வேணும்" என்று பிடுங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆகவே உங்களுக்குத் துண்டு கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. அவள் வாயைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் துண்டை நான் இறக்கப் போவதில்லை. என் கால் நடக்கிறவரை செவ்வாய்க்கிழமைதோறும் புளிய மரத்துக்குப் பின்னால் அது ஏறும். என் கால் நின்றால், பிடிக்க வேறு கை இருக்கும்படி பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவேன். திருநாளன்று இதைப் படித்து முடித்ததும், உங்கள் பெயர் இருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவேன். அதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லூர்துவின் அண்ணன், பிலோமியின் தாய்மாமன்,
உங்கள் மச்சான்
அருளப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)